செம்மண் பாதைக்கேற்ற வண்டி

மோட்டார் வண்டி வாங்குவது இக்காலத்தில் ஒரு பெரிய காரியமன்று. தவணைக்குக் கொடுப்பாரும் உளர். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவாரும் உளர். ஆயின், எந்தப் பாதையில் ஓட்டுவதற்கு, யாரை ஏற்றுவதற்கு என்று தம்மையே கேட்டுக்கொண்டு வாங்குவாரைக் காண்பது அரிது. அதிலும் உயர்ந்த உடலும் பருத்த சக்கரங்களும் வாய்ந்த காட்டுப்பாதை வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. மலாக்கா நகரத்துப் பேரங்காடிகளின் முன் பளபளவென்று நிற்கும் அவ்வண்டிகளுட் பல, தம் வாழ்நாளில் சேற்றின் நிறம் இன்னதென்றே அறியா. லூபோக் சீனாவில் வாழும் நாம் சேற்றை நன்கறிவோம். ஆதலின் இப்பொருள் குறித்துச் சில கூற நினைத்தோம்.

மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் இடையே எல்லையாக ஓடும் லிங்கி ஆற்றுக்கு அணித்தே உள்ளது நம் ஊர். தார்ச்சாலையில் மஸ்ஜிட் தானாவுக்குச் செல்வதாயினும், ஆறு கடந்து லிங்கிக்குச் செல்வதாயினும், எவ்வளவு சிறிய காரும் போதும். தார் முடிந்து தோட்டப் பாதை தொடங்கும் இடத்திற்றான் கதை மாறுகிறது. ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. குலை ஏற்றிச் செல்லும் லோரிகள் செம்மண்ணில் இரண்டு ஆழ்ந்த தடங்களை உழுதுவிடுகின்றன. நடுவே மண் எருமையின் முதுகு போல் உயர்ந்து நிற்கும். ஒரு மழை பெய்தால் போதும். சிறிய காரின் வயிறு அம்முதுகின்மேல் அமர்ந்துகொள்ள, சக்கரங்கள் பிடிப்பின்றி வீணே சுழலும்.

இத்தகைய பாதையின் கோடியில், பழைய லயமொன்றில், நம் அத்தையார் வாழ்கிறார். பால்மரம் வெட்டிய நாள்தொட்டு அவருக்கு அதுவே ஊர். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தமையால், வாரத்திற்கு மூன்று முறை அலோர் காஜாவுக்குச் சென்று, முறைக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டியவர். இச்சிகிச்சையில் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை. ஒரு முறை தவறினாலும் உடலில் நீர் தேங்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது மிக ஏறினால் இதயமே நின்றுபோதல் கூடும். வாடகைக் கார்க்காரரோ மழை பெய்த மறுநாள் தோட்டத்து வாயிலைத் தாண்டி வாரார். அவரை நோவதற்கில்லை, கார் அவருடைய பிழைப்பு. கடந்த மழைக்காலத்தில் இரு முறை, லயத்து இளைஞர் நால்வர் அத்தையாரை நாற்காலியில் வைத்துத் தார்ச்சாலை வரை தூக்கி வந்தனர். நம் இல்லத்துக்கே வந்துவிடும்படி பலமுறை வேண்டினோம். “என் கோழிக்கு யாருப்பா தீனி போடுவா?” என்று கேட்டு அவ்வம்மையார் பேச்சை முடித்துவிட்டார். எனவே, அவரை மாற்றுவதினும் வண்டியை மாற்றுவது எளிது என்னும் முடிவுக்கு வந்தோம்.

காட்டுப்பாதை வண்டி என்றதும் நம்மவருள் முதியோர்க்கு நினைவு வருவது துரையின் வண்டியே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர்க்காக ஆறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஜீப்பே இக்குலத்தின் மூதாதை. போர் முடிந்தபின், அத்தகைய ஜீப் ஒன்றைத் தம் பண்ணையில் ஓட்டிப் பழகிய மாரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அதனினும் ஏற்றதொன்றைச் செய்ய முனைந்தார். அதன் பயனாக 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் வெளிவந்தது. எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திற்றான் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதன்பின் துரைமார்க்கும் படையினர்க்கும் இவ்வினத்து வண்டிகள் இன்றியமையாதனவாயின. துரை வண்டியில் சென்றார்; கிராணி சைக்கிளில் சென்றார்; வெட்டுக்காரர் நடந்து சென்றனர். அதே பாதைதான், அதே மழைதான். இதனாற்றானோ என்னவோ, நம்மவர்க்கு உயர்ந்த வண்டியின்மேல் இன்றும் ஒரு தீராத ஆசை உண்டு. அவ்வாசையை நாம் இகழவில்லை. அது கேட்கும் விலையைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனித் தேர்வு செய்த வகையைச் சொல்வோம். உருவம் உயர்ந்ததெல்லாம் காட்டுக்கு உரியதன்று. இன்று இந்நாட்டில் விற்பனையாகும் உயர்ந்த வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் இரண்டு சக்கரங்களே இயங்குவன. ஒரே பெயர் தாங்கிய வண்டியிலும் இரு சக்கரம் இயங்குவது ஒன்று, நான்கும் இயங்குவது மற்றொன்று என இரு வகை உண்டு; விற்பவர் வாயால் இதைச் சொல்லமாட்டார், நாமே கேட்க வேண்டும். பெரோடுவா 1998-இல் கொணர்ந்த சிறிய கெம்பாராவில் நான்கு சக்கரமும் இயங்கின. அதற்குப் பின் வந்த பெரிய உருவங்கள் பலவற்றில் அஃதில்லை என்பது வியப்பன்றோ?

இவ்வேற்றுமை ஏன் வேண்டும் என்பார்க்கு ஒரு சொல். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், சாதாரண வண்டியில் இயந்திரத்தின் ஆற்றலெல்லாம் வழுக்குகின்ற அச்சக்கரத்தையே சுழற்றி வீணாகும். நான்கும் இயங்கும் வண்டியில், பிடிப்புள்ள வேறொரு சக்கரம் வண்டியை இழுத்துச் செல்லும். அதனோடு ‘லோ கியர்’ என்னும் தாழ்ந்த நிலையும் இருப்பின், நடக்கும் மனிதனினும் மெதுவாக, ஆயின் யானையின் வலியோடு, வண்டி ஊர்ந்தேறும். தோட்டப் பாதைக்கு வேண்டுவது வேகமன்று, இவ்வூர்தலே.

அடுத்தது வண்டியின் எலும்பு. ஹைலக்ஸ் சரக்கு வண்டியின் வழி வந்தது ஃபார்ச்சுனர். டிமேக்ஸின் வழி வந்தது எம்யூ எக்ஸ். டிரைட்டனின் வழி வந்தது பஜேரோ ஸ்போர்ட். இவை ஏணி போன்ற எஃகுச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றி வைத்த நடுத்தர அளவினவாகிய வண்டிகள். பள்ளத்தில் ஒரு சக்கரமும் மேட்டில் ஒரு சக்கரமுமாக முறுக்கப்படும்போது இச்சட்டம் தாங்கும். குறையும் உண்டு. தார்ச்சாலையில் குலுக்கும், எடை மிகுதி, எண்ணெயும் மிகுதியாகக் குடிக்கும். செம்மண்ணை மிதியாதவர் இக்குறைகளை விலை கொடுத்து வாங்குவானேன்?

புதிய வண்டியை நாம் நாடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1,50,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்றரை வட்டி, ஒன்பது ஆண்டுத் தவணை எனக் கொள்வோம். அப்போது இங்கு வட்டி குறைந்து வரும் நிலுவைக்கன்றி, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டது. வட்டி மட்டும் 47,250 வெள்ளி. மாதந்தோறும் 1,826 வெள்ளி கட்ட வேண்டும். 2025-இல் அரசாங்கம் வகுத்த குறைந்த மாதச் சம்பளம் 1,700 வெள்ளி! ஒரு தொழிலாளியின் மாத உழைப்பு முழுவதும் போய், மேலும் கடன்படச் செய்யும் வண்டியில் ஏறி அமர்வதனால் உயர்வு யாங்ஙனம் வரும்? தவணை தவறியவர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்றுண்டு. 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதற் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணைகளோ கடைசித் தவணையோ தவறினாலன்றி, 21 நாள் எழுத்து மூலமான அறிவிப்பும் கொடுத்தாலன்றி, வண்டியைப் பறித்தல் கூடாது. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் செலுத்தியவரிடமிருந்து பறிப்பதற்கு நீதிமன்றத்தின் ஆணையும் வேண்டும். நடு வீதியில் வழிமறிப்பார்க்கு அஞ்சிச் சாவியை நீட்டுவோர் இதை நினைவிற் கொள்க.

பத்தாண்டு ஓடிய டீசல் வண்டியொன்று கிடைத்தது. கைவிளக்கோடு அதன் அடியிற் படுத்துச் சட்டத்தில் துரு உண்டா என்று பார்த்தோம். இருக்கை வார்களைக் கடைசி வரை இழுத்துச் சேற்றின் கறை உண்டா என்றும் பார்த்தோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கத்து வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை எண்ணியே இச்சோதனை. விலையிற் பாதியைச் சேமிப்பிலிருந்து கொடுத்து, மீதியைக் குறுகிய தவணையாக்கிக்கொண்டோம். உறவினர் ஒருவர் சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் நான்கு கொணர்ந்தார். அவற்றைப் பிழிந்து சர்க்கரையிட்டு வந்தவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டு, டயர்களின் காற்றை அளந்தோம்.

உடைமையின் சுமை சிறிதன்று. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசலின் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக ஏறிற்று. அறுபது லிட்டர் நிரப்புவார்க்கு ஒரே நாளில் 72 வெள்ளி கூடுதற் செலவு. தகுதியுடையார்க்கு அரசாங்கம் அப்போது மாதம் 200 வெள்ளி உதவியும் அறிவித்தது. 2019 முதல் அந்த டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிற் செய்தது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. நம் பாதையைக் குழியாக்கும் குலைகளே நம் வண்டிக்கும் ஒரு பிடி தீனி தருகின்றன! மற்றும், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தை விலக்கி வைத்தல் வேண்டும். இல்லையேல் பற்சக்கரங்கள் தேயும். ஓடை பெருகினால், ஆழம் அறியாமல் இறங்குதல் கூடாது. இயந்திரம் காற்றுக்கு மாறாக நீரை உறிஞ்சினால் அதன் கதை முடிந்தது.

வாங்கியபின் தோன்றிய இடர் ஒன்றுண்டு. வண்டி சேற்றை வென்றது. அத்தையாரோ வண்டியில் ஏற முடியவில்லை. முழங்கால் அவ்வளவு உயரத்திற்கு எழவில்லை. விற்பனைத் தாள்களில் வண்டியின் உயரத்தைப் பெருமையாகக் கூறுவார், நோயாளி எவ்வாறு ஏறுவது என்பதைக் கூறக் காணோம். பக்கத்துப் படி ஒன்று பொருத்தி, கீழே வைக்க மரப்பலகை ஒன்றும் செய்வித்தோம். கைப்பிடியை இடக்கையால் பற்ற வேண்டும் என்பதை அவரே கண்டு சொன்னார். சுத்திகரிப்பு ஊசி ஏற்றும் வலக்கையில் பாரம் தாங்கலாகாது.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் அவ்வண்டி நம்முடையதன்று. விடியுமுன் ஐந்து மணிக்கு நம் அண்ணன் மகள் அதை ஓட்டிச் செல்கிறாள். ‘பெண்பிள்ளை இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவதா’ என்று முதல் வாரம் முணுமுணுத்த முதியவர் ஒருவர், மூன்றாம் வாரம் கண் மருத்துவரிடம் போக அதிலேயே இடம் கேட்டார். பின்னிருக்கையில் பள்ளிப் பிள்ளைகள் இருவர் தார்ச்சாலை வரை வருகின்றனர். கழுவி வைத்தாலும் மறுநாளே செம்மண் பூசி நிற்கிறது. அத்தையார் ஏறியதும் முதலிற் கேட்பது, கோழிக்கூட்டை யார் திறந்துவிடுவார் என்பதுதான்.