வயிற்றின் மேல் வைத்த கை

தமிழ்நாட்டின் பிரசவ அறைகளில் ஒரே நோவு இரண்டு பெயர்களில் புழங்குகிறது. துணைக்கு வரும் தாயும் மாமியாரும் அதைச் சூட்டு வலி என்கிறார்கள். மருத்துவமனைப் பதிவேடு பொய்வலி என்கிறது. முதற்பெயர் காரணத்தை உடம்பின் வெப்பத்தில் தேடுவதால் உடலியல்படி அது சரியன்று. ஆயினும் வலித்தது என்பதை அது மறுப்பதில்லை. இரண்டாவது பெயரோ, பாடநூலின் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை. இரவெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை அது பொய் சொன்னவளாக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இந்நோவைத் தரும் கருப்பைச் சுருக்கங்களைப் பற்றி 1872-இல் எழுதி, அவற்றுக்குத் தம் பெயரையே விட்டுச் சென்ற லண்டன் மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ், கருப்பை கர்ப்பகாலம் முழுவதும் சுருங்கி விரிகிறது என்றும், கர்ப்பத்தை உறுதிசெய்ய அதுவே ஓர் அடையாளம் என்றும் கொண்டார். அவர் அதைக் கண்டறிந்தது எந்தக் கருவியாலும் அன்று, வயிற்றின் மேல் கையை வைத்துக் காத்திருந்துதான் என்பதைச் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் இன்று யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

பிரசவ வலியையும் சூட்டு வலியையும் பிரித்தறியும் பட்டியல் எல்லாரும் அறிந்ததே. பிரசவ வலி பெரும்பாலும் இடுப்பின் பின்புறம் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றிவரும், இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளும், நடந்தால் வலுக்கும், இரத்தம் கலந்த சளி படும். சூட்டு வலி அடிவயிற்றிலேயே நிற்கும், ஒழுங்கின்றி வரும், படுக்கும் நிலையை மாற்றினாலும் சிறுநீர் கழித்தாலும் தண்ணீர் குடித்தாலும் அடங்கும். வீட்டுப் பெரியவர்கள் சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துப் பனைவெல்லம் சேர்த்துக் கொடுப்பதும், அடங்கினால் சூட்டு வலி, வலுத்தால் பிள்ளை வலி என்று தீர்ப்பதும் இதே பட்டியலின் நாட்டு வடிவம்தான். உடலில் நீர் வற்றும்போது கருப்பை எரிச்சலுற்றுச் சுருங்கும் என்பதால், அந்தக் கஷாயத்தில் சீரகத்தைவிட ஒரு சொம்பு தண்ணீரே கூடுதலாக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். (விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுக்கும் வழக்கத்தை இதனோடு சேர்க்கலாகாது; அது பேதியையும் வாந்தியையும் கொடுத்து, நின்றிருக்க வேண்டிய வலியையும் கிளப்பிவிடும்.)

பட்டியல் உதவாமற்போகும் இடம் ஒன்று உண்டு; இத்தொழிலின் தீராத சிக்கல் அதுவே. கருப்பை வாய், அதாவது பிள்ளை வெளிவரும் வழியின் உட்கதவு, முதலில் மெலிந்து பின்னர் விரியத் தொடங்கும் தொடக்கக்கட்டம் பல மணிநேரம் நீளும். அப்போது வரும் வலியும் ஒழுங்கற்றதே, சில வேளைகளில் நின்று நின்று வருவதே. பிரசவத்தின் போக்கை வரைகோடாக வரைந்து காட்டிய அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், தலைப்பிரசவத்தில் 20 மணிநேரமும் அடுத்தடுத்த பிரசவங்களில் 14 மணிநேரமும் கடந்தால்தான் அக்கட்டம் நீண்டுவிட்டதாகக் கொண்டார். அப்படி நீண்டவர்களுக்கு ஊசி போட்டு உறங்கவைத்தால், விழித்தெழும்போது பெரும்பாலோர் முழுப் பிரசவ வலிக்குள் போயிருப்பார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் வலி முற்றிலும் நின்றிருக்கும். ஆக, நேற்றிரவு வந்தது எந்த வலி என்பது இன்று காலையில்தான் தெரியவருகிறது. ஒருமுறை உள்சோதனை செய்து ஒரு விரல், இரண்டு விரல் என்று சொல்வதால் மட்டும் விடை கிடைக்காது. சில மணிநேரம் கழித்து அதே கை மீண்டும் சோதித்து, வாய் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டால்தான் கிடைக்கும். பணிமுறை மாறி வேறொரு செவிலியரின் விரல் சோதித்தால், மாறியது கருப்பை வாயா, விரலின் பருமனா என்ற ஐயம் எஞ்சும்.

இச்சிக்கலை வெல்லும் வித்தை எதுவும் தம்மிடம் இருப்பதாகப் பழைய தலைமைச் செவிலியர்கள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அதனோடு உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ அறையில் நெடுங்காலம் பணியாற்றிய அத்தகைய ஒருவரிடம் பயின்றவர்கள் இன்றும் தம் கையை வைக்கும் முறையாலேயே அடையாளம் தெரிவார்கள். அவர் முதலில் மாணவியின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவரச் சொல்வார், ஏனெனில் குளிர்ந்த கை பட்டாலே வயிறு இறுகிவிடும், அந்த இறுக்கத்தைக் கருப்பையின் சுருக்கம் என்று எழுதுவது பிழை. பிறகு கையைத் தொப்புளுக்கு மேலே, கருப்பையின் உச்சிப் பகுதியான முகட்டில் வைக்கச் செய்வார். பிரசவச் சுருக்கம் முகட்டில் எழுந்து கீழ்நோக்கிப் பரவுவது. முகடு இறுகாமல் அடிவயிற்றில் மட்டும் நோவதாகப் பெண் சொன்னால் அவர் அவசரப்படமாட்டார், அவளைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்.

விரல் நுனியால் குத்திப் பார்ப்பதை அவர் மன்னித்ததே இல்லை. விரல்களின் அடிப்பாகம் படிய, அழுத்தாமல், தேய்க்காமல், எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் அசையக் கூடாது. இறுக்கத்தின் அளவை முகத்தைக் கொண்டு சொல்லவைப்பார்: மூக்கு நுனியைத் தொட்டாற்போல் இருந்தால் மெலிந்த சுருக்கம், முகவாய்க்கட்டை போல் இருந்தால் நடுத்தரம், நெற்றி போல் விரல் அமுங்காமல் இருந்தால் வலுத்த சுருக்கம். பத்து நிமிடத்தில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி, நெற்றியா மூக்கா என்பதைச் சொல்லத் தெரியாத மாணவி, பெண்ணின் முனகலைக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார். வாய்விட்டு அலறுபவளுக்கு வயிறு மூக்கு நுனியாகவும், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்கு நெற்றியாகவும் இருந்ததைக் காட்டிக்காட்டித்தான் அவர் வகுப்பு நடந்தது. இரண்டு சுருக்கங்களுக்கு நடுவில் வயிறு முழுதும் தளர்கிறதா என்பதை அவர் சுருக்கத்தைவிடக் கவனமாகப் பார்த்தார். தளராமல் பலகைபோல் நிற்கும் வயிறு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து உள்ளே இரத்தம் கட்டுவதன் அறிகுறியாக இருக்கலாம், அங்கே சூட்டு வலி என்ற சொல்லுக்கே இடமில்லை. அவ்வாறே 37 வாரம் நிறையாதவளிடம் அச்சொல்லைச் சொல்ல எவருக்கும் அவர் அனுமதி தந்ததில்லை. குறைமாத வலி சூட்டு வலியின் வேடத்திலேயே வரும் என்பார். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் அதே வேடம்தான்.

இந்தப் பத்து நிமிடத்தைத்தான் இன்றைய பிரசவ அறை இழந்துவிட்டது. வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பையும் சுருக்கத்தையும் தாளில் கோடாக வரையும் சிடிஜி இயந்திரம் வந்தபின், செவிலியர் தாளைப் பார்க்கிறார்கள், வயிற்றைப் பார்ப்பதில்லை. வெளிப்பட்டை சுருக்கம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீண்டது என்பதைச் சொல்லுமேயன்றி, எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லாது. பட்டையை இறுக்கிக் கட்டினால் தாளில் சுருக்கத்தைக் காட்டும் மலை உயரும், தளர்த்தினால் தாழும், பெண் பருமனாக இருந்தால் மலையே தெரியாது, இருமினால் ஒரு சிகரம் எழும். குழந்தையின் துடிப்பை அறிய அந்தத் தாள் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதிலுள்ள சிகரத்தின் உயரத்தை வலியின் அளவாகப் படிப்பது, தராசில்லாமல் எடை போடுவது. பயிற்சிக்கூட்டம் ஒன்றில் இதைச் சுட்டிக்காட்டிய மூத்த செவிலியரிடம், கையால் பார்ப்பதெல்லாம் மருத்துவச்சிகள் காலத்தோடு போயிற்று என்று இளம் மருத்துவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதும், கூட்டம் அதற்குக் கைதட்டியதும் ஓய்வுபெறும் தலைமுறையினர் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல.

இதன் விளைவு பெண்களின் உடம்பில்தான் எழுதப்படுகிறது. தொடக்கக்கட்டத்திலேயே படுக்கையில் சேர்க்கப்பட்டவளுக்கு நேரக்கணக்கு அப்போதே ஓடத் தொடங்குகிறது. வாய் விரியவில்லை என்று சொட்டுமருந்து ஏறுகிறது, அதற்கும் அசையாவிட்டால் அறுவைக்கு ஒப்பம் கேட்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல், முனைப்பான பிரசவநிலை 5 சென்டிமீட்டர் விரிவில்தான் தொடங்குகிறது என்று எல்லையைத் தள்ளிவைத்ததற்கு, இயல்பாக மெதுவாக நடக்கும் பிரசவங்களை அவசரப்படுத்தலாகாது என்பதும் ஒரு காரணம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவையாக இருந்தது. அதற்கு முந்தைய சுற்றில் 34.1. இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் பல, எல்லாவற்றையும் செவிலியர் கையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. எனினும் காத்திருக்கத் தெரியாமையும் அக்காரணங்களுள் ஒன்று என்பதைப் பிரசவ அறைக்குள் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார்.

மறுபுறம், திருப்பி அனுப்புவதும் எளிதான செயலன்று. 108 வண்டியில் வந்தவளிடம் வலி நின்றுவிட்டது, போகலாம் என்று நள்ளிரவில் சொன்னால் அவள் ஊருக்குப் பேருந்து இருக்காது. இருந்தாலும், வழியில் வலி வந்தால் என்ன செய்வது என்ற மாமியாரின் கேள்விக்கு விடை இருக்காது. கைப்பேசிச் செயலியில் வலியின் இடைவெளிகளைக் குறித்துக்கொண்டு வரும் கணவரிடம், அந்த எண்கள் அவளுடைய வயிற்றிலிருந்து வந்தவையா அவருடைய பதற்றத்திலிருந்து வந்தவையா என்று பிரித்துச் சொல்வது அதைவிடக் கடினம். அந்தத் தலைமைச் செவிலியர் இத்தகையவர்களை விடியும்வரை வராந்தாவில் உட்காரவைத்து, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்த்து, கஞ்சி குடிக்கச் சொல்லி, பேருந்து ஓடத் தொடங்கியபின் அனுப்புவார். பதிவேட்டில் பொய்வலி என்ற சொல்லை அவர் எழுதியதில்லை; வலி நின்றது, இன்ன மணிக்கு, முகடு தளர்ந்திருந்தது, தாய் நடந்து சென்றார் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுவார். இன்று அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றும்போது ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். கட்டிலோரம் அவர் உட்காரப் போட்டிருந்த முக்காலியும் இப்போது அந்தக் கணினி மேசைக்கு முன்னால்தான் கிடக்கிறது.