நூற்றுப்பத்து, எழுபது

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன்கிழமை தடுப்பூசி. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வெகுகாலமாக நடந்துவரும் முறை இது. வெள்ளகோவில் பக்கமும் அப்படித்தான். எந்த ஊர் நிலையம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஆத்தாவும் நானும் அவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தோம். மருந்து ஜன்னல் திறக்கிற வரைக்கும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே செவிலியர் அறை. வெக்கைக்காகக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவதெல்லாம் பெஞ்சில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை ஊரே கேட்கும்படி அந்த அறை இருந்ததுதான் முதல் குறை.

பெஞ்சு நிறையப் பெண்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் செருகிய தாய் சேய் நல அட்டை, தண்ணீர் பாட்டில், கைப்பை. கூட வந்த மாமியார்கள். வெளியே வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷன்மார். தறிக்கும் எண்ணெய் மில்லுக்கும் நூல் மில்லுக்கும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள்.

ஒரு பெண் காலையில் வந்ததும் குளுக்கோஸ் தண்ணீர் குடித்திருந்தாள். 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சர்க்கரைப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று 2007இல் ஆணை போட்டது தமிழ்நாடு. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். அந்தப் பெண் போனில் மணி பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம் ஆனதும் எழுந்து கதவு வரைக்கும் போனாள். உள்ளே யாரும் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவளைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். நேரம் தவறி எடுத்த ரத்தத்தில் வருகிற எண் எதைச் சொல்லும்? அவளுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் மணி பார்க்கவில்லை.

அடுத்துப் போனவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். கட்டுச்சோற்று விருந்து முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு எழுந்து போனாள். பாதம் புசுபுசுவென்று வீங்கியிருந்தது. செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாக அப்படியே நின்றது.

"அட்டை."

கொடுத்தாள். செவிலியர் வாங்கிப் புரட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"பிக்மி நம்பர்?"

"அதுலயே எழுதியிருக்குதுங்க சிஸ்டர்."

"எடை பாத்துட்டு வா."

எடை மிஷின் வராந்தாவில் இருந்தது. அவளே ஏறி நின்று, அவளே குனிந்து பார்த்து, உள்ளே போய்ச் சொன்னாள். "அம்பத்தாறுங்க."

செவிலியர் போன மாத வரியைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். "போன மாசம் அம்பத்தி ரெண்டு. இப்ப அம்பத்தாறு." பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண் தட்டிக்கொண்டாள். ஒரே மாதத்தில் நாலு கிலோ. இரண்டு கிலோ ஏறினால் இயல்பு. அந்த எண் அந்த இடத்திலேயே நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

"சிஸ்டருங்க, ரெண்டு நாளா தலை நோவுதுங்க. காலும் வீங்கிப் போச்சுங்க."

"ஏழாம் மாசம் எல்லாருக்கும் வீங்கும். காலைத் தொங்கப் போட்டு உக்காராத."

"நாங்களும் அதத்தானுங்க சொல்றோம்" என்றார் மாமியார்.

"பிரஷர் நூத்திப்பத்து, எழுபது போட்டுக்கோ." இது லேப்டாப் பெண்ணிடம்.

பிரஷர் பார்க்கிற கருவி மேஜை மேலேயே இருந்தது. கையில் சுற்றுகிற பட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டை அவள் கைக்குப் போகவே இல்லை. போன மாத வரியில் இருந்த எண் இந்த மாத வரிக்கு இறங்கியது. அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் போனவளுக்கும் நூத்திப்பத்து, எழுபது என்று சொன்னதைக் கேட்டேன்.

கால் வீக்கம் கர்ப்பிணிகளில் நிறையப் பேருக்கு வருவதுதான். செவிலியர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அந்தப் பட்டை வேண்டியிருக்கிறது. சாதாரண வீக்கமா, ரத்த அழுத்தம் ஏறிக் குழந்தையையும் தாயையும் வாரிக்கொண்டு போகிற நோயின் தொடக்கமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 140/90 தாண்டியிருக்கிறதா, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். தலைநோவு, வீக்கம், திடீரென்று ஏறிய எடை என்று மூன்றும் சேர்ந்து அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தன. செவிலியர் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிற அபாயக் குறிகளில் இவை உண்டு. சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார்கள். கழிவறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் தடுப்பூசிப் பெட்டி எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. டேப் வைத்துக் கருப்பை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளக்கவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவில்லை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கிற அந்தச் சத்தத்தை ஒரு தரம் தாய்க்குக் கேட்கவிட்டால் அவள் ஒரு மாதத்துக்குத் தெம்பாக இருப்பாள். "கொழந்த அசையுதா?" என்ற ஒரு கேள்வி மட்டும் வந்தது. "அசையுதுங்க" என்று அவள் சொல்லி முடிக்கிறதுக்குள் மாத்திரை அட்டை மேஜைக்கு வந்துவிட்டது. சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரை.

"தினம் ஒண்ணு. அடுத்த ஆள்."

வெளியே வந்து அவள் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னாள். "போன மாசத்து மாத்திரையே டிவி மேல கெடக்குதுங்க அத்த. போட்டா குமட்டிட்டு வருதுங்க." மாமியார், "அங்க போய் அதச் சொல்லி வெச்சுராத கண்ணு, வைவாங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கனத்தது. ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசின் கணக்கு. அரசு வாங்கி, லாரியில் ஏற்றி, இந்த மேஜை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. டிவி மேலிருந்து அவள் வாய்க்குப் போகிற கடைசித் தூரம்தான் பாக்கி. "மாத்திரை சாப்பிடறயா கண்ணு? என்ன பண்ணுது?" என்று கேட்டால் போதும். வெறும் வயிற்றில் குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, டீயோடு போடாதே, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, மலம் கருப்பாகப் போனால் பயப்படாதே என்று நாலு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 விழுக்காடு பேருக்கு ரத்தசோகை. வெள்ளகோவில் ஞாயிற்றுக்கிழமை முருங்கை வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் முருங்கைத் தோட்டம். இரும்புச் சத்துக்குக் கீரை பறிக்க வேலி வரைக்கும் போனால் போதும் என்கிற மண்ணில், அதை அவளிடம் சொல்ல ஒரு வாய் இல்லை.

பிறகு ஒரு வடக்கத்திப் பெண் போனாள். நூல் மில் குவார்ட்டர்ஸில் இருப்பவள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். துணைக்கு யாருமில்லை. அவளுக்குத் தமிழ் வராது, செவிலியருக்கு அவள் பாஷை வராது. செவிலியர் சத்தத்தைக் கூட்டினார். "டேப்லட்! நைட்! ஒன்!" அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு வலி இருந்ததா, ரத்தப்போக்கு இருந்ததா, இது எத்தனையாவது பிள்ளை, எதுவும் அந்த அறைக்குத் தெரியாது. வெள்ளகோவில், காங்கேயம், திருப்பூர் மில்களை இன்று ஓட்டுவதில் பெரும்பங்கு இவர்களுடைய கைகளுக்கு உண்டு. இவர்களுடைய பிரசவத்தைப் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் கூடவா நமக்குக் கட்டுப்படியாகாது?

செவிலியரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலை டிபன் டப்பா மேஜை ஓரத்தில் திறக்காமலே இருந்தது. போன் வந்தது. "போட்டுட்டேன் சார். நேத்தே போட்டுட்டேன் சார்." மறுபடி வந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. கர்ப்பிணி, குழந்தை, குடும்பக் கட்டுப்பாடு, காய்ச்சல் கணக்கு, முகாம், வீடு வீடாகப் போவது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மறுபடி கணினியில் ஏற வைப்பது என்று அத்தனையும் அவர் தலையில். பதிவு வேலை நோயாளியைப் பார்க்க விடவில்லை என்று செவிலியர்கள் பலமுறை குரல் கொடுத்திருக்கிறார்கள். நியாயமான குரல். ஆனால் அந்தக் களைப்பின் விலையைக் கொடுத்தவள் வீங்கிய காலோடு நின்ற பெண். பட்டையைச் சுற்றாமல் எண்ணை எழுதியதற்கு வேலைப்பளு காரணமாகலாம், நியாயமாகாது.

ஆத்தா என் காதோரம் குனிந்தார். "எங்க காலத்துல மருத்துவச்சி வருவா. வவுத்தத் தொட்டுப் பாத்தே சொல்லிருவா." அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆத்தாவே இரண்டு பிள்ளைகளை வீட்டுப் பிரசவத்திலேயே பறிகொடுத்தவர். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, இங்கே 54. ஒரு தாய் இறந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உட்கார்ந்து ஏன் இறந்தாள் என்று விசாரிக்கிற மாநிலம் இது. குக்கிராமம் வரைக்கும் நடந்துபோன செவிலியர்கள்தான் இதைச் சாதித்தார்கள். அந்தப் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆத்தாவின் நினைவில் மிச்சமிருப்பது தொட்டுப் பார்த்த கை. அதையும் சேர்த்துக் கொடுக்கத்தான் இத்தனை கட்டடமும்.

அன்று பெஞ்சில் இருந்தவர்கள் வாய் திறந்து கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "பணம் இன்னும் ஏறலீங்களே சிஸ்டர்?" டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கேட்க வேண்டிய கேள்விதான், உழைக்கிற வீட்டுக்கு அது பெரிய தொகை. ஆனால் தலைநோவைப் பற்றி இரண்டாம் தரம் கேட்க அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. காரணம் அதே அட்டைதான். பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு செவிலியர் கையில். அந்தப் பதிவு எண் இருந்தால்தான் பணம், அது இருந்தால்தான் நாளைக்குக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். அவரைப் பகைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தில் எங்கே போவது? மாமியார் "வைவாங்க" என்று சொன்னதற்குள் இது முழுக்க இருந்தது. புகார்ப் பெட்டி சுவரில் தொங்கியது. பூட்டு துருப்பிடித்திருந்தது.

முறையோடும் மரியாதையோடும் பேறுகாலக் கவனிப்பு ஒவ்வொரு பெண்ணின் உரிமை என்று 2019இல் மத்திய அரசு 'சுமன்' என்ற திட்டத்தையே அறிவித்தது. உரிமை என்றால், கேட்டதற்காக ஒருத்தி வசவு வாங்கக் கூடாது. பதிவையும் பணத்தையும் ஒரு கையிலும் பரிசோதனையை இன்னொரு கையிலும் பிரித்துக் கொடுங்கள் என்பதுதான் அரசுக்கு நான் வைக்கிற கோரிக்கை. பதிவு வேலை முழுவதையும் பார்க்க ஓர் ஆளைத் தனியாகப் போட்டால் செவிலியரின் கண் அட்டையை விட்டு முகத்துக்கு வரும். ஒரு திரைச்சீலை, திறந்த கழிவறை, வெளிமாநிலப் பெண்களுக்குப் போனில் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றுக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

அதுவரைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பிணியோடு போகிற மாமியாரோ அம்மாவோ புருஷனோ, பிரஷர் பட்டையைக் கையில் சுற்றினார்களா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால், "ஒரு தரம் பாத்துருங்க சிஸ்டர்" என்று நீங்களே கேளுங்கள். அவள் கேட்பதைவிட நீங்கள் கேட்பது எளிது. பிரஷர் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். தலைநோவு விடாமல் இருந்தால், கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், மேல்வயிறு வலித்தால், குழந்தை அசைவது குறைந்தால் அடுத்த செவ்வாய் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். யோசனை கேட்க 104, வண்டிக்கு 108. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ராத்திரியானாலும் கூட்டிப் போங்கள்.