"போதும்" என்று சொல்லும் சரக்கு

செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் வாளியோடு வந்து நின்றால் லேசில் நகர மாட்டார். இலைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டி மறித்தால்தான் உண்டு. நேயர்களே, நம் உடம்புக்குள்ளும் அப்படிக் கை நீட்டி மறிக்கும் சரக்கு ஒன்று இருக்கிறது. பெயர்தான் சட்டென்று வாயில் நுழையாது: சோமாடோஸ்டாடின். வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், இரைப்பை அமிலம் எல்லாவற்றையும் பார்த்து, "போதும்" என்று சொல்வதே அதன் உத்தியோகம்!

1973-ல் கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் ரோஜர் கில்லமின் குழுவினர் தேடியது வேறு. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடும் பொருளைத் தேடினார்கள். கிடைத்ததோ அதை அடக்கும் பொருள். சுமார் ஐந்து லட்சம் ஆடுகளின் மூளைத் துணுக்குகளை அரைத்து வடித்ததில் சில மில்லிகிராம்தான் தேறியது. 1977-ல் இடாகுரா, ரிக்ஸ், போயர் ஆகியோர் அதற்கான ஜீனை ரசாயன முறையில் உண்டாக்கிக் குடல் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, ஹார்மோனை அதனிடமே செய்து வாங்கிவிட்டார்கள். மனித ஹார்மோன் ஒன்றைப் பாக்டீரியா தயாரித்தது அதுவே முதல் தடவை. மறு வருஷமே இன்சுலினும் அந்த வழியில் வந்தது. உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இன்சுலின் இருந்தால், அந்தப் பாக்டீரியாவுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

காரைக்குடியில் என் சிநேகிதியின் தாயாருக்குக் கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லை. ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். பிறகு செருப்பு சிறுத்தது. "ஆச்சிக்கு உடம்பு வைத்துவிட்டது" என்று வீடே சிரித்தது. மருமகப் பெண் ஒருநாள் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்கும் தாடையும் வேறு யாருடையதோ மாதிரி! மதுரையில் தலையைப் படமெடுத்ததில் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி; வளர்ச்சி ஹார்மோன் கட்டுக்கு அடங்காமல் சுரந்துகொண்டிருந்தது.

அறுவை முடிந்தும் சுரப்பு முழுதும் அடங்கவில்லை. "போதும்" என்கிற சரக்கையே ஊசியில் ஏற்றலாமே என்பீர்கள். அதுதான் முடியாது, ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிஷம். அதன் சாயலில், நீடித்து நிற்கும்படி, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி விஞ்ஞானிகள் செய்து 1982-ல் வெளியிட்டதுதான் ஆக்ட்ரியோடைட். இப்போது ஆச்சிக்கு நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. விரல் வீக்கம் வடிந்துவிட்டது. வளர்ந்த தாடை எலும்பு மட்டும் திரும்பாதாம். மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்த அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாமே என்று மருமகளுக்கு இன்றும் ஆற்றாமை.