திரையில் நகரும் ஆயத்

தொண்டாமுத்தூரில் மாலை மதரஸா முடிந்தபின் செயலித் திரை வடிவமைப்பைப் பயின்று வருகிறோம். நமக்கு வாய்த்த முதல் பாடநூல் முஸ்ஹஃப்தான். உஸ்மான் தாஹா எழுதிய மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். பக்கத்திற்கு 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஆயத்தின் முடிவிலேயே நிறைவுறும். ஹிஃப்ழு மாணவர் ஓசையை மட்டுமன்று, ஆயத் நின்ற இடத்தையும் மனத்தில் பதிக்கிறார். செயலியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இடம்பெயர்கின்றன, மனனமும் தடுமாறுகிறது.

ஆயினும், பார்வை மங்கிய மஹல்லாப் பெரியவருக்குப் பெரிய எழுத்தே வேண்டும். அதை மெனுவுக்குள் மெனுவாக ஒளித்துவைப்பது அநீதி. ஆகவே காகிதத்தில் மாறாப் பக்கம் ஒன்றும் பெரிய எழுத்துத் திரை ஒன்றும் வரைந்து, இரண்டிற்கும் ஒரே பொத்தான் வைத்தோம். விளக்கமேதும் சொல்லாது அவரிடம் நீட்டினோம். அவர் விரல், முஸ்ஹஃபைப் புரட்டுவது போலவே, இடமிருந்து வலமாகச் சென்றது. அத்திசையை மாற்ற எந்த அழகுக்கும் உரிமையில்லை. பொத்தானைக் கட்டைவிரல் எட்டுமிடத்தில் இனி வரையவேண்டும், இன்ஷா அல்லாஹ்.