சாமியார் கொண்டாந்த கொடி

டிசம்பர் 21. அரையாண்டுத் தேர்வுத் தாள் இரண்டு கட்டு திருத்தாமல் கிடந்தது. அதிரசப் பாகு முற்றிவிட்டது. தையல்கடையில் சின்னவன் சட்டைத் துணி வெட்டக்கூட இல்லை. சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. வாசல் ஸ்டார் எரியவில்லை. இந்த லட்சணத்தில், நள்ளிரவுப் பூசையின் காணிக்கைத் தட்டுக்கு நல்ல குலையாகப் பன்னீர் திராட்சை வாங்கும் பொறுப்பும் என் தலையில்.

உத்தமபாளையத்திலிருந்து ஆனைமலையன்பட்டிப் பக்கம், பழக்கப்பட்ட தோட்டம். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னேன். தோட்டக்காரர் பந்தலுக்கடியில் குனிந்தபடியே சிரித்தார்.

"உங்க சாமியார் கொண்டாந்த கொடி டீச்சர். எங்ககிட்டயே வெல பேசுறீங்களே!"

"எந்தச் சாமியாருண்ணே?"

"அதெல்லாம் தெரியாது. வெள்ளக்காரச் சாமியாராம். எங்கய்யா சொல்வாரு."

அன்று ராத்திரி தாள் திருத்த உட்கார்ந்தவள், திருத்தவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வந்த செய்திகளைத் தேடி எடுத்தேன். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று ஒரே வரி. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வெளியீடு ஒன்றும் அதே ஆண்டைத்தான் சொல்கிறது: கிறிஸ்தவ மிஷனரிகள், சேலம், மதுரை மாவட்டங்கள். தேனி தனி மாவட்டமாகும் முன் நாங்களும் மதுரைதானே. சாமியார் பெயர் மட்டும் நான் பார்த்த எதிலும் இல்லை.

எந்தச் சபைக்காரர்? மதுரை என்றதும் இயேசு சபைதான் நினைவுக்கு வரும். நொபிலி 1606இல் வந்து தொடங்கிய மிஷன். ஆனால் 1773இல் ரோமையே அந்தச் சபையைக் கலைத்துவிட்டது. மீண்டும் உயிர்பெற்ற சபையின் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838 வாக்கில். ஆக 1832 என்பது சரியானால், பாண்டிச்சேரியில் இருந்த பாரிஸ் மிஷன் சபை ஆளாகத்தான் இருக்கவேண்டும். இது என் கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். அது பெயர் எடுத்ததே 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில். அப்படியென்றால் 1832இல் வந்த கொடி வேறு ஏதோ ஒன்று. பன்னீர் பிறகு வந்திருக்கும். செய்திகள் இரண்டு கொடிகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டன என்றே நினைக்கிறேன். தோட்டக்காரரிடம் சொல்ல மனசு வராது.

ஏன் கொண்டுவந்தார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். திராட்சையின் இரசம் இல்லாமல் திருப்பலி இல்லை. திருச்சபையின் சட்டம் அது. கப்பலில் வரும் பீப்பாய் நம் வெயிலில் என்ன ஆகும்? குச்சியை நட்டுவிடுவோம் என்று தோன்றியிருக்கும். நட்டு, தண்ணீர் ஊற்றி, தளிர் வருமா வராதா என்று தினமும் போய்ப் பார்த்திருப்பார். முதல் காய்ப்பை அவர் பார்த்தாரோ என்னவோ.

24 ராத்திரி கோயிலில் நிற்கும்போதும் கேஸை அணைத்தேனா என்றுதான் யோசனை. தட்டு பவனியாகப் போனது. ஒரு பழம் உதிர்ந்து என் காலருகே உருண்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பீடத்தில் ஃபாதர் கிண்ணத்தில் இரசம் ஊற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தார். பெயர் தெரியாத அந்தச் சாமியாருக்காக வாய்க்குள் செபம் வந்தது. டிசம்பரில் எனக்குச் செபம் வந்து பல வருஷம். கேஸ் எரிந்தால் எரியட்டும் என்று நின்றேன்.

27ஆம் தேதி அதிரசம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பக்கத்துப் பந்தலில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டிய நுனிகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் கத்தரியைக் கல்தூண் மேல் வைத்துவிட்டு ஒன்றைக் கடித்தார்.

"பாகு முத்திருச்சு போல டீச்சர்" என்றவர், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.