அழுத்தி எழுதுகிற கைக்கு எந்தப் பேனா?

கோவையில் சட்டம் படிக்கிற தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். “அண்ணா, உதவித்தொகை வந்திருக்குதுங்க. நல்ல இங்க் பேனா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். லாமி சஃபாரி நல்லா இருக்குமுங்களா?” பேனாவுக்கு இவ்வளவு காசா என்று நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பான் போல, கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. நான் திட்டவில்லை. அம்பேத்கருக்கு நல்ல பேனாக்கள் மீது தீராத விருப்பம் இருந்தது. நம்மூர்ச் சிலைகளிலும் அவர் கோட்டுப் பையில் பேனா இருக்கிறது. சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் இருக்கிறது, அது வேறு கதை. நமக்கு ஐந்து ரூபாய்ப் பேனா போதும் என்று யாரும் விதித்துவிடவில்லை.

ஆனால் எது நல்ல பேனா என்பதில் எனக்கு ஒரு சண்டை உண்டு. யூடியூபில் பேனாவை மதிப்பிடுகிறவர்கள் ‘வழுவழுப்பு’ என்ற ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். யார் கைக்கு என்று கேட்பதே இல்லை.

என் அப்புச்சி பண்ணையத்தில் முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்தவர். அந்தத் தாளில் எவ்வளவு தொகை எழுதியிருந்தது என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. அம்மா தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுதப் பழகினார். இன்றும் அவர் கையெழுத்துப் போட்டால் தாளின் மறுபக்கத்தில் விரலால் தடவியே படித்துவிடலாம். அவ்வளவு அழுத்தம். நான் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கிய இங்க் பேனாவை அவரிடம் கொடுத்து, “பேரை எழுதும்மா” என்றேன். இரண்டாவது எழுத்திலேயே நிப்பு விரிந்துவிட்டது. “அழுத்தாம எப்படிக் கண்ணு எழுதறது? அப்புறம் அழிஞ்சு போயிராதா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதிலிருந்து நான் பேனா பார்க்கிற முறை மாறிவிட்டது. தங்க நிப்புகளில் பல, அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். நம் வீட்டுக் கைகளுக்கு ஆணி மாதிரி விறைப்பாக நிற்கும் எஃகு நிப்புதான் சரி. தம்பி கேட்ட லாமியின் நிப்பு எஃகுதான். கழுத்து முக்கோணமாக இருக்கும், விரலை இங்கேதான் வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ஒழுங்காகப் பிடிக்கப் பழகியவனுக்கு அது வசதி. நாலு விரலையும் சேர்த்துப் பிடிக்கிற என்னைப் போன்றவனுக்கு எரிச்சல். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை எபோனைட்டில் கையால் கடைந்து செய்கிறார்கள். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து வேகவைத்த கெட்டிப் பொருள் அது. பிளாஸ்டிக் போலச் சில்லென்று இல்லாமல் கையில் இதமாக இருக்கும், வியர்த்த கையிலும் அவ்வளவாக வழுக்காது. வெயிலில் போட்டால் நிறம் மங்கும், அவ்வளவுதான் குறை.

டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குத் தம்பியோடு போனேன். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பால்பாயிண்ட் பெட்டியை எடுத்து வைத்தார். இங்க் பேனாதான் வேண்டும் என்று இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. மையில் தொட்டு எழுதிப் பார்க்கவும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். முதலில் பேனாவின் வால் பக்கத்தைத் தளர்வாகப் பிடித்து, அதன் எடையிலேயே தாளில் இழுக்க வேண்டும். அழுத்தாமலே கோடு வர வேண்டும். பிறகு எட்டுப் போட வேண்டும். ஒரு திசையில் மட்டும் கீறினால் நிப்பின் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது தமிழில் எழுதிப் பார்ப்பது. தம்பி பழக்கத்தில் தன் பெயரை ஆங்கிலத்தில் கிறுக்கினான். “ண, ஞ, இ, ழ எழுதுடா” என்றேன். நம் எழுத்துகள் சுழித்துச் சுழித்துத் திரும்புபவை. நிப்பை இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போன பேனா ‘ஞ’வில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க மெல்லிய நிப்பாகவும் இருக்க வேண்டும். ஒரே ‘ஃபைன்’ என்று போட்டிருந்தாலும் ஜப்பான் நிப்பு ஜெர்மன் நிப்பைவிடப் பொதுவாக மெல்லியது.

வழுவழுப்புக்கு வருகிறேன். நிப்பின் முனையை அளவுக்கு மேல் தேய்த்து மெருகேற்றினால் நடுப்பிளவின் ஓரங்கள் உருண்டுவிடும். மை பிளவுக்குள்ளேயே நின்றுவிடும், தாளைத் தொடாது. அப்படிப்பட்ட பேனா ஓட ஆரம்பித்தால் சுகம், ஆனால் முதல் கோட்டில் கைவிடும். காவல் நிலைய வாசல் பெஞ்சில், நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் அக்கா முன்னால் உட்கார்ந்து பேனாவை உதறியிருக்கிறேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பப் பேச வைக்கக் கால் மணி நேரம் ஆனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 5ஆவது விதிப்படி, வாய்மொழியாகச் சொன்னாலே நிலையப் பொறுப்பு அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும். இருந்தாலும் நாம் எழுதிக்கொண்டு போகிறோம். ஏன் என்று உங்களுக்கே தெரியும். அதனால் லேசாக உரசுகிற, ஆனால் தொட்டவுடன் எழுதுகிற நிப்பே எனக்குப் பிடிக்கும். தாளில் போகிறோம் என்று விரலுக்குத் தெரிகிறது.

மை விஷயத்தில் தப்பு என்னுடையது. ஒரு ஐப்பசி மழையில் மனுவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். பிரித்துப் பார்த்தால் மனுதாரர் பெயர் இருந்த இடத்தில் நீலத் திட்டு. சாதாரண பள்ளிக்கூட நீல மை தண்ணீர் பட்டால் போய்விடும். அம்மா அன்று கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது தண்ணீரில் கரையாத நிறமி மைதான் போடுகிறேன். அது காய்ந்தால் நிப்பின் அடியில் உள்ள நாக்கை அடைத்துவிடும், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

தம்பி கடைசியில் லாமி வாங்கவில்லை. விறைப்பான எஃகு நிப்புப் போட்ட எபோனைட் பேனா ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறான். வரும் திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளுக்கு என்னோடு வருகிறான். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க வேண்டும், அதற்கு இங்க் பேனா உதவாது. பால்பாயிண்ட் இரண்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வருகிறார்.