கான் ஃபோல்டரும் குளோரேட் பட்டாசும்

"உலகத்துல யாராலயும் சி-ஓ-என், 'கான்'னு ஒரு ஃபோல்டர் உருவாக்க முடியாது. கண்டுபிடிச்சது ஒரு இந்தியர். ஏன்னு பில் கேட்ஸுக்கே தெரியல!"

2000களில் மெயில் ஐடி வச்சிருந்த எவரும் இந்த ஃபார்வர்டுக்குத் தப்பியிருக்க மாட்டீங்க. விருதுநகர்ல ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி இதை வச்சுப் பந்தயமே கட்டினார். செஞ்சு காட்டினா எண்ணெய் புரோட்டா!

செஞ்சு பாத்தா நிஜமாவே முடியாது. வினையே அங்கதான். சங்கதி உண்மை, கதைதான் புருடா. கான்ங்கிறது கன்சோல், அதாவது கீபோர்டும் திரையும். 1981ல வந்த டாஸ் சாதனங்களுக்குன்னு ஒதுக்கி வச்ச பேர்கள்ல ஒண்ணு. பழைய ப்ரோகிராம்கள் படுத்துடக் கூடாதேன்னு விண்டோஸும் அதைச் சுமந்துக்கிட்டே வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்ல டாஸ் படிச்ச அத்தனை பேரும் முதல் வாரத்துலயே 'காப்பி கான்' அடிச்சுத்தான் ஃபைல் உருவாக்கினோம். பில் கேட்ஸுக்கே தெரியாத ரகசியம் நம்ம ரஃப் நோட்டுல இருந்திருக்கு :-)

(புரோட்டா கிடைச்சதான்னு கேக்கறவங்களுக்கு: சி-ஓ-என் அடிச்சு, ஆல்ட்டை அழுத்திக்கிட்டே 255 போட்டா கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணு ஒட்டிக்கும். ஃபோல்டர் ரெடி. "இது போங்கு தம்பி"ன்னாலும் அண்ணாச்சி வாக்குத் தவறல.)

அதே மெயில்ல இன்னொண்ணு. நோட்பேட்ல 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்'னு இங்கிலீஷ்ல அடிச்சு, சேவ் பண்ணித் திறந்தா கட்டம் கட்டமா வரும். புஷ் எதையோ மறைச்சதுக்கு அது ரகசிய சாட்சியாம்! இடைவெளியோட சேத்து 18 எழுத்து. நோட்பேட் அதை யூனிகோடுன்னு தப்பாக் கணிச்சு, ரெண்டு ரெண்டாச் சேத்து 9 சீன எழுத்தாப் படிச்சிடும். அவ்வளவுதான். விஸ்டாவுல சரி பண்ணிட்டாங்க. தமிழையே கட்டம் கட்டமாப் பாத்து வளர்ந்த நமக்கு இது சட்டுனு பிடிபட்டிருக்க வேணாமா?

2004 பிப்ரவரியில விண்டோஸ் 2000, என்டி ரெண்டோட மூலநிரல்ல ஒரு பகுதி கசிஞ்சப்ப, சதிக்கு ஆதாரம் சிக்கும்னு ஒரு கூட்டம் காத்திருந்துச்சு. சிக்கினது ப்ரோகிராமருங்க குறிப்புல எழுதி வச்ச திட்டும் புலம்பலும். கூடவே எக்ஸ்ப்ளோரர் 5ல ஒரு நிஜ ஓட்டையும் சில நாள்லயே வெளிய வந்துச்சு. அதைப் பத்தி மட்டும் எனக்கு ஒரு ஃபார்வர்டும் வரல.

இதையெல்லாம் இப்ப கிளறக் காரணம் சிவகாசி. பாகிஸ்தான் பேச்சைக் கேட்டு சீனா ஆஸ்துமா பட்டாசு அனுப்புது, உள்துறை அதிகாரி எச்சரிக்கைன்னு தீபாவளி சமயத்துல வாட்ஸ்அப்ல சுத்துமே, பாத்திருப்பீங்க. அப்படி எச்சரிக்கையே இல்லைன்னு மத்திய அரசோட பத்திரிகை தகவல் அலுவலகம் மறுத்தாச்சு. ஆனா சீனப் பட்டாசுல நிஜமான வில்லங்கம் ஒண்ணு உண்டு: பொட்டாசியம் குளோரேட். கந்தகத்தோட சேந்தா லேசா உரசினாலே பத்திக்கும். அதனாலதான் குளோரேட்டும் கந்தகமும் கலந்த பட்டாசுக்கு இந்தியாவுல 1992லயே தடை. உரசல் என்ன செய்யும்னு மருந்து கலக்குற ஊருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்ல.

எனக்கு அந்த ஃபார்வர்டை அனுப்பினவரே பட்டாசுக் கடை வச்சிருக்கிற மாமாதான்.

"பொய் மாமா இது."

"இருக்கட்டுமேடா. நம்ம சரக்கு ஓடினாச் சரி."

"அதுக்குக் குளோரேட் விஷயத்தையே எழுதி அனுப்பலாமே? அது உண்மையாச்சே."

"அதை எவன் மாப்ள படிப்பான்?"